புல்வெளி எழுப்பிய ஐயம்: லின்னேயஸும் கலப்பு மலர்களும்

பெப்பர்மின்ட் சுவையை அறியாதோர் எம்மிடையே மிகச் சிலரே இருப்பர். இனிப்பு, பற்பசை, இருமல் மருந்து என அன்றாடம் அது எம் வீடுகளுக்குள் வந்து சேர்கின்றது. அதன் எண்ணெயைத் தரும் செடியைத் தனியொரு இனமெனக் கருதி 1753 ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளரான கார்ல் லின்னேயஸ். உண்மையில் அச்செடி தனி இனமன்று. நீரோடைக் கரைகளில் வளரும் ஒருவகைப் புதினாவும் சமையலுக்குப் பயன்படும் மற்றொரு புதினாவும் கலந்து பிறந்த கலப்பு அது. பொதுவாக விதை தராது. நிலத்தில் படரும் ஓடிகளாலேயே பெருகும். அதே ஆண்டில் அதே நூலில், கால்நடைகளுக்குத் தீவனமாகும் மூவிலைச் செடியொன்றுக்குக் 'கலப்பு' எனப் பொருள்படும் பெயரையும் அவர் சூட்டினார். வெள்ளைப் பூப் பூக்கும் குளோவரும் செந்நிறப் பூப் பூக்கும் குளோவரும் சேர்ந்தே அது உண்டாகியிருக்க வேண்டுமென அவர் எண்ணினார். அதுவோ கலப்பே அல்ல. கலப்பற்ற தனி இனம். ஆயினும் இன்றுவரை அது அப்பெயரையே சுமந்து நிற்கின்றது.

கலப்பைத் தனி இனமென்றும் தனி இனத்தைக் கலப்பென்றும் ஒரே நூலில் எழுதிய இம்மனிதரைக் குறைகூறும் நோக்கம் எமக்கில்லை. உயிரினங்கள் யாவற்றுக்கும் இருசொற்பெயரீட்டை நிலைநாட்டியவர் என்றே பாடநூல்கள் அவரை எமக்கு அறிமுகம் செய்கின்றன. அவர் வாழ்வின் பிற்பாதி முழுவதும் அவரை விட்டகலாதிருந்த ஓர் ஐயத்தைப் பற்றி அப்பாடநூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அந்த ஐயம் எழுந்ததும் வளர்ந்ததும் புல்வெளியிலும் தோட்டத்துப் பாத்தியிலுமேயாகும்.

லின்னேயஸ் 1707 மே 23 ஆம் திகதி தென் சுவீடனின் ஸ்மோலாந்துப் பகுதியில் றோஷுல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நில்ஸ் ஒரு கிறிஸ்தவ மதகுரு. தோட்டக்கலையில் பெரும் பற்றுடையவர். அக்காலச் சுவீடனின் கிராமத்து மக்களிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்று இருக்கவில்லை. எம்மவர் தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்வதைப் போன்றே அவர்களும் தந்தை பெயரால் அறியப்பட்டனர். பல்கலைக்கழகம் சென்ற நில்ஸுக்குக் குடும்பப் பெயரொன்று வேண்டியிருந்தது. தம் குடும்பக் காணியில் நின்ற பெரிய லிண்டன் மரத்தின் பெயரிலிருந்து அவர் 'லின்னேயஸ்' என்னும் பெயரை ஆக்கிக்கொண்டார். உலகின் தாவரங்களுக்கெல்லாம் பெயரிடப்போகும் மகனுக்கு ஒரு மரமே பெயர் கொடுத்தது எனலாம்.

மூத்த மகனும் மதகுருவாக வேண்டுமென்பதே பெற்றோரின் விருப்பம். பாடசாலையிலோ மகன் வேதபாடங்களில் பின்தங்கினான். கைத்தொழிலொன்றைப் பழக்குவதே நன்று என ஆசிரியர்கள் தந்தைக்கு ஆலோசனை கூறினர். அவனைக் காப்பாற்றியவர் அப்பாடசாலையில் கற்பித்த வைத்தியர் யொஹான் றொத்மன். தாவரங்களிலும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்ற, அக்காலத்தில் புதுமையாயிருந்த கருத்தை அவனுக்கு எடுத்துரைத்தவரும் அவரே. 1694 இல் ஜேர்மனியரான கமராரியஸ் இதனைப் பரிசோதனை மூலம் காட்டியிருந்தார். கற்றோர் பலர் அப்போதும் அதனை ஏற்கத் தயங்கினர். பேரீச்சந் தோட்டங்களை வளர்த்த அரபு மக்களுக்கோ இது புதுச் செய்தியன்று. ஆண் மரத்தின் பூங்கொத்தை வெட்டியெடுத்துப் பெண் மரத்தின் பாளையில் கட்டிவைத்தால்தான் காய் நன்கு பிடிக்கும் என்பதை அவர்கள் பன்னெடுங்காலமாக அறிந்து செயற்பட்டு வந்தனர். ஏட்டுக் கல்வி தோட்டக்காரனுக்குப் பின்னால் நடந்து வந்த சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு கற்ற பின் 1728 இல் லின்னேயஸ் உப்சலாவுக்குச் சென்றார். கையில் பணமில்லை. பல்கலைக்கழகத் தோட்டத்தில் செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த அம்மாணவனை மூத்த அறிஞரான ஒலொஃப் செல்சியஸ் கண்டு, தம் இல்லத்தில் தங்கவைத்தார். தாவரங்களின் மணவாழ்வைப் பற்றி லின்னேயஸ் எழுதிய சிறு கையெழுத்துப் பிரதி அவருக்கே புத்தாண்டுப் பரிசாக அளிக்கப்பட்டது. அதன் பின்னர் வாழ்வு வேகமாக நகர்ந்தது. 1732 இல் லாப்லாந்துப் பயணம், 1735 இல் ஒல்லாந்து, அங்கு சில நாட்களுக்குள்ளேயே வைத்தியப் பட்டம், அதே ஆண்டில் இயற்கையின் மூன்று இராச்சியங்களையும் ஒழுங்குபடுத்தும் நூலின் முதற் பதிப்பு என ஒன்றையடுத்து ஒன்று நிகழ்ந்தன. அப்பதிப்பு சில பெரிய தாள்களே கொண்டது. கேசரங்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரிக்கும் முறையை அது முன்வைத்தது. பூவுக்குள் பல கணவரையும் பல மனைவியரையும் வைத்துப் பேசும் இம்முறை ஆபாசமானதென்று சென் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்த ஸீகெஸ்பெக் என்பவர் கண்டித்தார். அழகற்ற, ஒட்டும் தன்மையுள்ள ஒரு களைக்கு லின்னேயஸ் சூட்டிய பெயரில் ஸீகெஸ்பெக் இன்றும் வாழ்கிறார்.

அம்முதற் பதிப்பிலேயே லின்னேயஸ் தமது நிலைப்பாட்டை ஐயத்துக்கிடமின்றி எழுதிவைத்தார். ஆதியில் இறைவன் எத்தனை வடிவங்களைப் படைத்தானோ அத்தனை இனங்களே இன்றும் உள்ளன. புதிய இனம் எதுவும் தோன்றுவதில்லை என்பதே அது. இது அவருடைய மத நம்பிக்கை மட்டுமன்று, அவருடைய தொழிலின் அத்திவாரமும் அதுவே. எண்ணிக்கை மாறாதிருந்தால்தான் கணக்கெடுப்புக்கு ஒரு முடிவு உண்டு. படைப்பில் நம்பிக்கை கொண்ட எம்மவர்க்கு, அவர்கள் எம்மதத்தவராயினும், இந்நிலைப்பாடு அந்நியமானதாகத் தோன்றாது.

1738 இல் தாயகம் திரும்பிய அவர் ஸ்டொக்ஹோமில் வைத்தியத் தொழில் புரிந்தார். மறு ஆண்டில் சுவீடனின் விஞ்ஞானக் கழகத்தை நிறுவியோருள் ஒருவரானார். அதே ஆண்டில் சாரா எலிசபெத்தைத் திருமணம் செய்தார். 1741 இல் உப்சலாவில் பேராசிரியர் பதவி கிடைத்தது. கோடைகாலத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு நகரைச் சூழ்ந்த புல்வெளிகளுக்கு அவர் சென்ற உலாக்கள் புகழ்பெற்றவை. நூற்றுக்கும் மேற்பட்டோர் தளர்ந்த உடையணிந்து, பூச்சி பிடிக்கும் வலைகளுடன் பின்தொடர்வர். அரிய செடியொன்று கிடைத்தால் ஊதுகொம்பு முழங்கும். சிதறி நின்றவர்கள் ஓடிவந்து பேராசிரியரைச் சூழ்ந்துகொள்வர். மாலையில் கொம்பும் முரசும் ஒலிக்க, தொப்பிகளில் பூக்களைச் செருகிக்கொண்டு, ஆசிரியரை வாழ்த்திக் கோஷமிட்டபடி நகருக்குள் வருவர். கல்விக்கூடத்துக்குரிய கண்ணியம் இதுவல்ல என முணுமுணுத்தவர்களும் இருந்தனர்.

1742 இல் ஸ்டொக்ஹோமுக்கு அண்மையிலுள்ள தீவொன்றில் மாணவர் ஒருவர் விநோதமான செடியொன்றைக் கண்டெடுத்தார். பார்வைக்கு அது அந்நாட்டின் வழியோரமெங்கும் மஞ்சளாகப் பூக்கும் லினாரியாவே. லினாரியாவின் பூவுக்கு மேலும் கீழுமாக இரண்டு உதடுகளும், பின்புறம் வால்போல் நீளும் ஒரு குழலும் உண்டு. இச்செடியின் பூவிலோ உதடுகளைக் காணவில்லை. எப்பக்கம் திருப்பினும் ஒரேவிதமாகத் தோன்றும் வடிவமும் ஐந்து வால்களும் இருந்தன. தாள் ஒன்றில் ஒட்டப்பட்டு வந்த அம்மாதிரியைப் பார்த்த லின்னேயஸ், வேறொரு பூவை ஒட்டிவைத்து எவரோ தம்மை ஏமாற்ற முனைவதாக முதலில் கருதினார் எனக் கூறப்படுகின்றது. அதே இடத்திலிருந்து உயிருள்ள செடிகளைத் தருவித்துப் பார்த்த பின் அவர் திகைப்படைந்தார். பூவின் அமைப்பையே ஆதாரமாகக் கொண்ட தமது முறைப்படி அச்செடி வேறொரு வகுப்பில் சேரவேண்டியதாகும். இலையும் தண்டும் மணமும் மட்டும் லினாரியாவுடையவை. விகார உருவம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் 'பெலோரியா' எனப் பெயரிட்டு, 1744 இல் அதைப் பற்றிய ஆய்வேட்டை வெளியிட்டார். லினாரியாவின் மீது அறியப்படாத ஏதோவொரு தாவரத்தின் மகரந்தம் விழுந்து பிறந்த கலப்பு அது என்பதே அவர் கண்ட விளக்கம்.

அவ்விளக்கம் பிழையானது. 1999 இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி பெலோரியாவில் வேறெந்தத் தாவரத்தின் பங்கும் இல்லை. பூவின் வடிவத்தை நிர்ணயிக்கும் ஒரு பரம்பரையலகின் மீது மெதைல் கூட்டங்கள் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்வதாலேயே பூ இவ்வாறு மாறுகின்றது. ஆயினும் பிழையான அவ்விளக்கமே லின்னேயஸைச் சரியான கேள்வியின்பால் இட்டுச்சென்றது. இரண்டு இனங்கள் கூடினால் மூன்றாவது ஒன்று பிறக்குமா? பிறந்தால் அது நிலைக்குமா?

இக்கேள்வி அவரது உள்ளத்தில் ஊன்றிய அதே காலத்திலேயே எமது நாட்டின் தாவரங்களும் அவரது மேசைக்கு வந்து சேர்ந்தன. 1670 களில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராகக் கொழும்பில் பணியாற்றிய போல் ஹேர்மன், இலங்கையின் செடிகொடிகளை உலர்த்தி ஏடுகளில் ஒட்டி, உள்நாட்டுப் பெயர்களையும் குறித்து வைத்திருந்தார். 1695 இல் அவர் இறந்த பின் அத்தொகுதிகள் கைமாறிச் சென்று, டென்மார்க்கின் அரச மருந்தாளர் ஒருவர் மூலமாக லின்னேயஸிடம் வந்தன. அவற்றைக் கொண்டு அவர் எழுதிய இலங்கைத் தாவர நூல் 1747 இல் வெளியானது. அறுநூறுக்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் இடம்பெற்றன. இலங்கை மண்ணில் அவர் ஒருபோதும் காலடி வைத்ததில்லை. எமது பனைக்கும் அரசுக்கும் விஞ்ஞான உலகம் இன்று வழங்கும் பெயர்கள் 1753 இல் அவர் வெளியிட்ட தாவர இனங்களின் பெருநூலிலிருந்து வந்தவையே. பேரீச்சையின் பெயரும் அவ்வாறே.

உலர்ந்த ஏட்டில் ஒரு தாவரம் ஒரு மாதிரியாக மட்டுமே கிடக்கும். அதன் அருகில் எது வளர்ந்தது, அயலில் நின்ற செடிக்கும் அதற்குமிடையே எத்தனை இடைப்பட்ட வடிவங்கள் இருந்தன, அதன் விதை முளைத்ததா என்பவற்றை ஏடு சொல்லாது. இனங்களின் எல்லைகள் கோடு கிழித்தாற்போல் துலக்கமாகத் தெரிவது ஏட்டில்தான். தூரதேசத்துத் தாவரங்களைப் பற்றி லின்னேயஸ் எழுதியவற்றில் காணப்படும் உறுதி, உப்சலாவின் செடிகளைப் பற்றி அவர் எழுதியவற்றில் மெல்ல மெல்லத் தளர்ந்து செல்வதற்கு இதுவே காரணமென நாம் கருதுகின்றோம். அவர் மீண்டும் மீண்டும் கண்டது அவற்றை அவை வளரும் இடத்திலேயாகும்.

1751 இல் அவரது மேற்பார்வையில் மாணவர் ஒருவர் சமர்ப்பித்த ஆய்வேடு கலப்புத் தாவரங்களையே பொருளாகக் கொண்டது. அக்கால வழக்கப்படி மாணவரின் பெயரில் வெளியாகும் ஏட்டில் உள்ளது ஆசிரியரின் கருத்தே. கலப்பெனச் சந்தேகிக்கப்பட்ட செடிகளின் நீண்ட பட்டியல் அதில் உண்டு. இன்று அதைப் படிப்பவர்க்கு வியப்பும் சிரிப்பும் ஒருங்கே வரக்கூடும். உப்சலாத் தோட்டத்தில் தோன்றிய வெரோனிக்கா ஒன்றுக்கு வெரோனிக்காவைத் தாயாகவும், முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த வேர்பீனாவைத் தந்தையாகவும் காட்டினார். ஆட்டுக்கும் யானைக்கும் கன்று பிறந்தது என்பதைப் போன்ற கூற்று இது. தோற்றத்தைக் கண்டு பெற்றோரை ஊகித்தாரேயன்றிப் பரிசோதித்து அறியவில்லை. அவ்வேளையில் அதற்கான வழியும் அவரிடம் இருக்கவில்லை.

இதற்கு எதிர்ப்புறமான பிழையும் அவரிடம் உண்டு. ஐரோப்பியப் புல்வெளிகளில் இளவேனிற்காலத்தில் தலைசாய்த்த மஞ்சட் கொத்துகளாகப் பூக்கும் ப்ரிமுலா ஒன்று உள்ளது. வேலியோரங்களிலும் மரநிழல்களிலும் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒவ்வொரு காம்பிலும் ஒவ்வொரு பூவாகப் பூக்கும் ப்ரிமுலா வேறொன்று. புல்வெளியும் மரச்சோலையும் சந்திக்கும் விளிம்பில் இரண்டுக்கும் நடுவிலான தோற்றத்துடன் பல செடிகள் காணப்படும். முதலாமதைப் போல் கொத்து, இரண்டாமதைப் போல் அகன்ற வெளிறிய இதழ். இவ்விடைப்பட்ட வடிவங்கள் இருப்பதால் அனைத்தும் ஒரே இனத்தின் வகைகளே என 1753 இல் லின்னேயஸ் தீர்மானித்தார். நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, 1868 இல், சார்ள்ஸ் டார்வின் செடிகளை வலையிட்டு மூடியும் கையால் மகரந்தம் இட்டும் பரிசோதித்து, அவை வெவ்வேறு இனங்களே என்றும், விளிம்பில் பரவலாகக் காணப்படும் நடுத்தோற்றச் செடி இரண்டின் இயற்கைக் கலப்பே என்றும் நிறுவினார். கலப்பு இருக்குமென எண்ணாத இடத்தில் லின்னேயஸ் அதனைத் தவறவிட்டார்; எண்ணிய இடத்திலோ இல்லாத கலப்புகளையும் கண்டார்.

ஆனால் ஒருமுறை அவர் ஊகத்துடன் நின்றுவிடவில்லை. அவரது வாழ்வில் நாம் மிகவும் மதிப்பது அச்சம்பவத்தையே.

ட்ரகோபோகன் என்பது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. பஞ்சுபோன்ற அதன் விதைத்தலையைக் கண்டு கிரேக்கர் ஆட்டுக்கிடாயின் தாடி எனப் பொருள்படும் இப்பெயரை வைத்தனர். அதில் மஞ்சட் பூ உடையது புல்வெளிகளில் தானே வளர்வது. அதிகாலையில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிவிடும். பூக்கள் மலரும், மூடும் நேரங்களைக் கொண்டு லின்னேயஸ் அமைக்க எண்ணிய பூக்கடிகாரத்தில் இதற்கும் இடமுண்டு. ஊதாப் பூ உடையது தென் ஐரோப்பியச் செடி. கிழங்குக்காகத் தோட்டங்களில் பயிரிடப்படுவது. தோட்டத்தில் இரண்டையும் அருகருகே நட்டிருந்த இடத்தில் 1757 இல் இரண்டையும் ஒத்த புதுச் செடியொன்று தோன்றியது. அதன் விதைகள் குளிர்காலத்தில் அழிந்துபோயின. அடுத்த ஆண்டில் மஞ்சட் பூக்கள் மலர்ந்ததும் அதிகாலையிலேயே அவற்றின் மகரந்தத்தைத் தேய்த்து அகற்றினார். காலை எட்டு மணியளவில் ஊதாப் பூவின் மகரந்தத்தைக் குறிகளின் மீது தூவினார். அப்பூக்களுக்கு அடையாளமாக நூல் கட்டினார். முற்றிய விதைகளைச் சேகரித்துத் தனியிடத்தில் விதைத்தார். 1759 இல் அவை பூத்தன. இதழ்கள் ஊதா நிறம். அடிப்பாகம் மட்டும் மஞ்சள்.

பூ மூடுவதற்கு முந்திய சில மணி நேரங்களுக்குள் செய்து முடிக்கவேண்டிய வேலை அது. அதற்கு உதவியது அவர் பேராசிரியர் என்பதன்று, அச்செடியின் அன்றாடப் பழக்கத்தை அவர் அறிந்திருந்தமையே.

தாவரங்களின் பால் பற்றிய கேள்விக்குச் சென் பீற்றர்ஸ்பேர்க் கழகம் அறிவித்த போட்டிக்கு இப்பரிசோதனையை உள்ளடக்கிய கட்டுரையை அவர் அனுப்பினார். அக்கலப்பின் விதைகளும் உடன் சென்றன. 1760 இல் பரிசு அவருக்கே கிடைத்தது. ஸீகெஸ்பெக் கண்டனம் எழுதிய அதே நகரம் பரிசளித்ததில் லின்னேயஸ் அடைந்த மகிழ்ச்சியை நாம் ஊகித்துக்கொள்ளலாம். எனினும் அங்கே பணியாற்றிய இளம் ஜேர்மனியரான கொல்ரொய்ட்டர், அவ்விதைகளிலிருந்து முளைத்த செடிகளை நேரில் பார்த்துவிட்டு, இவை முழுமையான கலப்பல்ல, அரைக் கலப்பே என்று கூறினார். தாயின் சொந்த மகரந்தமும் ஓரளவு சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். புகையிலைச் சாதியின் இரு இனங்களைக் கலந்து அவர் பெற்ற செடிகள் மலட்டுத்தன்மை உடையனவாய், கோவேறு கழுதையைப் போன்றே சந்ததியற்று நின்றன. இனங்கள் குழம்பிப் போகாதபடி இயற்கை காவல் வைத்துள்ளது என்று அவர் முடிவுசெய்தார். பரிசோதனையில் கொல்ரொய்ட்டர் லின்னேயஸிலும் நுணுக்கமானவர் என்பதை மறுப்பதற்கில்லை.

லின்னேயஸோ எதிர்த்திசையில் வெகுதூரம் சென்றுவிட்டிருந்தார். 1760 களில் அவர் முன்வைத்த கருத்தின்படி, ஆதியில் படைக்கப்பட்டவை ஒவ்வொரு பெரும் பிரிவுக்கும் ஒன்றாக ஒரு சில தாவரங்களே. அவை தம்முள் கலந்ததால் சாதிகள் உண்டாயின. சாதிகள் கலந்ததால் இனங்கள் உண்டாயின. படைத்தவனை அவர் விட்டு விலகவில்லை. படைப்பு முதல் நாளோடு முடிந்துவிட்டது என்பதை மட்டுமே விட்டார். 1766 இல் வெளிவரத் தொடங்கிய தமது பெருநூலின் பன்னிரண்டாம் பதிப்பில், புதிய இனங்கள் தோன்றுவதில்லை என்ற அந்தப் பழைய கூற்று காணப்படவில்லை. அவ்வேளையில் அவர் பிரபுப் பட்டம் பெற்றவர். ஹம்மர்பியில் பண்ணைவீடும் நிலமும் உடையவர். ஐரோப்பா முழுவதும் அவர் நூலைப் பாடமாகக் கொண்டிருந்தது. அக்கூற்றை நீக்குமாறு எவரும் அவரை வற்புறுத்தவில்லை. தமது பெயரோடு பிணைந்துவிட்ட கருத்தொன்றைப் புகழின் உச்சியில் நின்று தாமே அகற்றியவர்கள் அறிவுலகில் அதிகமில்லை.

பூக்களின் விடயத்தில் இவ்வளவு தூரம் இளகிய அவர் மனிதரைப் பற்றி எழுதியபோது அவ்வாறு இளகவில்லை என்பதையும் நாம் சொல்லாமல் விடமுடியாது. 1758 இன் பத்தாம் பதிப்பில் மனித குலத்தைக் கண்டங்களின்படி நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறத்துடன் குணத்தையும் ஒட்டிவைத்தார். ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுவோர். ஆபிரிக்கர் மனம்போன போக்கில் நடப்போர். ஆசியராகிய எமக்குக் கிடைத்தது துயரம் தோய்ந்த இயல்பு. அனைவரும் ஒரே இனமே என அவர் கொண்டது உண்மை. ஆனால் அக்குணப்பட்டியல் பின்வந்த இனவாதிகளின் கையில் ஆயுதமாயிற்று. அவர் நேரில் கண்டறியாத மக்களே அப்பட்டியலில் பெரும்பாலோர். ஹேர்மனின் ஏடுகளில் இருந்த இலங்கைச் செடிகளுக்காவது அவற்றின் உலர்ந்த இலைகள் சாட்சியாக இருந்தன.

உலகின் பல திசைகளுக்கும் அவர் அனுப்பிய மாணவர்களுள் பலர் திரும்பி வரவில்லை. பேத்தர் ஃபொர்ஸ்கோல் 1763 இல் யேமனில் நோயுற்று இறந்தார். எகிப்திலும் அரேபியாவிலும் அவர் திரட்டிய தாவரக் குறிப்புகள் 1775 இல் நூலாயின. கோனிக் என்பவர் தரங்கம்பாடிக்கு வந்து தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்தார். 1774 இல் லின்னேயஸைப் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் நினைவும் பேச்சும் குன்றின. தம் நூல்களையே எவரோ எழுதியவையென எண்ணி வியந்தார் என்று கூறுவர். 1778 ஜனவரி 10 ஆம் திகதி அவர் இறந்தபோது, அவருடைய மாணவர் துன்பேர்க் இலங்கையில் தாவரங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

மகனும் 1783 இல் காலமாகவே, விதவை சாரா நூல்களையும் தாவரத் தொகுதிகளையும் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய இளைஞருக்கு விற்றார். 1784 இல் அவை கப்பலேறி இலண்டன் சென்றன. 1788 இல் லின்னேயஸ் பெயரில் அங்கே தோன்றிய கழகத்தில்தான், 1858 இல், டார்வினும் வொலஸும் இனங்கள் மாறுவதைப் பற்றி எழுதியவை வாசிக்கப்பட்டன. ப்ரிமுலா பற்றிய டார்வினின் ஆய்வு அரங்கேறியதும் அங்கேதான்.

லின்னேயஸ் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்தது 1950 இல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்கும் அதையடுத்த ஐடஹோவுக்கும் மூன்று ட்ரகோபோகன் இனங்கள் போய்ச் சேர்ந்தன. லின்னேயஸ் கலந்த மஞ்சளும் ஊதாவும் அவற்றுள் அடங்கும். வீதியோரங்களிலும் வெற்றுக்காணிகளிலும் அவை ஒன்றாய் வளர்ந்து தாமாகவே கலந்தன. பிறந்த கலப்புகளில் பெரும்பாலானவை விதையற்றவை. ஆனால் மாரியன் ஓன்பி என்னும் தாவரவியலாளர் அவற்றிடையே நல்ல விதை தரும் செடிகளையும் கண்டார். பெற்றோருக்கு 12 நிறமூர்த்தங்கள், இச்செடிகளுக்கு 24. இரு பெற்றோரின் முழுத் தொகுதியும் இரட்டித்துத் தங்கியதால் அவற்றின் மலட்டுத்தன்மை நீங்கியது. பெற்றோருடன் மீளக் கலந்து கரைந்து போகாத இரண்டு புதிய இனங்களென அவற்றை ஓன்பி பெயரிட்டு வெளியிட்டார். சில பத்தாண்டுகளுக்குள், மனிதர் நடமாடும் ஊர்களின் ஓரங்களிலேயே அவை உருவாகியிருந்தன. அவை ஒரே இடத்தில் ஒரேமுறை தோன்றியவையல்ல, வெவ்வேறு இடங்களில் பலமுறை தோன்றியவை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

அவ்விரு புதிய இனங்களிலும் மூன்றாவதாக வந்த மஞ்சட்பூ ட்ரகோபோகனே ஒரு பெற்றோர். ஒன்றில் அது ஊதாவுடனும் மற்றொன்றில் புல்வெளி மஞ்சளுடனும் கலந்தது. லின்னேயஸ் அதிகாலையில் மகரந்தம் தேய்த்து, நூல் கட்டி ஒன்றுசேர்த்த இணையும் அவ்வூர்களில் கலப்புச் செடிகளைத் தருவதுண்டு. அவற்றிலிருந்து இயற்கையாகப் புதிய இனமொன்று உருவாகியதாக இதுவரை அறியப்படவில்லை.